அத்தையின் முறை

1

சென்ற வாரத்தோடு என் மாமியார் இறந்து ஒரு வருடம் ஆனது. அன்று காலை எங்கள் வீட்டில் நடந்ததை ஊரில் இருக்கும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இங்கே சொல்ல முடியாது. சொன்னால் ஒன்று, நல்ல டாக்டர் ஒருவரின் நம்பர் தருவார்கள். இல்லையென்றால் விசேஷ ஜெபக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம்.

நாங்கள் டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் இருக்கிறோம். வந்து இருபத்திரண்டு வருடம். என் கணவர் ஜெபராஜ் பாளையங்கோட்டைக்காரர், கிறிஸ்தவர். நான் ஈரோடு, எங்கள் வீட்டில் மாரியம்மன். ஒரே காலேஜில் படித்ததால் வந்த வினை. ஒரே மகள் ஜெனி, பத்தொன்பது வயது. பக்கத்திலேயே ரிச்சர்ட்சனில் காலேஜ், அங்கேயே அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கிப் படிக்கிறாள்.

மாமியார் பெயர் ரூத் அம்மாள். நான் அத்தை என்று கூப்பிடுவேன். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா போன பிறகு எண்பது வயதில் எங்களிடம் வந்தார், தொண்ணூற்றொன்றில் போனார். இந்தப் பதினோரு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போகாதது இரண்டே தடவை. ஒன்று இடுப்பு ஆபரேஷன் ஆன வாரம். இன்னொன்று டொர்னேடோ எச்சரிக்கை வந்த நாள். அன்றைக்கும் புடவை கட்டி, பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, சோபாவில் வாசல் கதவைப் பார்த்தபடியே பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்.

இர்விங்கில் ஓர் அமெரிக்க சபையின் ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஆராதனை நடக்கும். அத்தைக்கு முதல் வரிசை. பாஸ்டர் வேதம் வாசிக்கும்போது ழகரம் பிசகினால் அத்தை லேசாகத் தொண்டையைச் செருமுவார். பாஸ்டர் அந்த வரியைத் திரும்ப வாசிப்பார். நான் வண்டி ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து போன் பார்ப்பேன். என்னை ஒரு நாளும் அவர் முன்னால் வா என்று கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானம் எடு என்று சொன்னதும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார்.

2

அது ஜெப லைன். தினமும் காலை ஆறு மணிக்கு, ஊரில் அப்போது சாயங்காலம், குடும்பம் முழுவதும் ஒரு கான்ஃபரன்ஸ் நம்பருக்கு டயல் பண்ண வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து என் கணவரின் அக்கா கிரேஸ் மதினி, நியூ ஜெர்சியிலிருந்து மதினியின் மகன் குடும்பம், காப்பெலிலிருந்து நாங்கள். முதலில் பாட்டு, பிறகு வயது வரிசைப்படி ஒவ்வொருவராக ஜெபம். அத்தை மூத்தவர், அதனால் அவர் முறைதான் முதல்.

அந்த லைனில் முதல் தடவை சேரும்போது ஒரு மிஷின் பெண் குரலில் பெயரைச் சொல்லச் சொல்லும். ஒரு பீப் கேட்கும். நாம் சொல்வதை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு அந்த போனிலிருந்து எப்போது கூப்பிட்டாலும் எல்லாருக்கும் அதைப் போட்டுக் காட்டும். நாங்கள் எல்லாம் வெறும் பெயரைச் சொன்னோம். அத்தை பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்தே பழகியவர். நிமிர்ந்து உட்கார்ந்து, "ரூத் அம்மாள், வந்தாச்சு, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு தினமும் காலையில் அந்த மூன்றும் ஒலிக்கும். மாற்றித் தரட்டுமா ஆச்சி என்று ஜெனி கேட்டபோது, "சரியாத்தானட்டீ சொல்லிருக்கேன், அதுல என்ன மாத்தணும்?" என்றார்.

அவர் ஜெபத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் வரும். என் பெயர் கடைசி. "ஆண்டவரே, சுமதிக்கு முழங்கால் வலி. அதைச் சுகமாக்கும். அவ கோபத்தையும் கொஞ்சம் பாத்துக்கிடும்." என் முழங்காலும் கோபமும் இரண்டு தேசத்துக்கும் தெரிந்துபோயின. எனக்கு எரிச்சலாக வரும். பக்கத்து அறையில் இருப்பவளிடம் நேராகச் சொல்ல வேண்டியதை எதற்குப் பரலோகம் வழியாகச் சுற்றி அனுப்ப வேண்டும்? ஒரு தடவை கேட்டே விட்டேன். "நேரா சொன்னா நீ கேப்பியாம்மா?" என்றார். கேட்டிருக்க மாட்டேன்தான்.

3

அவர் போனது பிப்ரவரியில், ஐஸ் மழை பெய்த வாரத்தில். தூக்கத்திலேயே போனார். அவருக்கு இருந்த ஒரே ஆசை எல்லாருக்கும் தெரியும்: பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஒரு உடலை இங்கிருந்து ஊருக்கு அனுப்புவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தூதரகத்தின் சான்றிதழ், பதப்படுத்தியதற்கு ஒரு சான்றிதழ், தொற்று நோய் இல்லை என்று ஒரு சான்றிதழ், ரத்து பண்ண வேண்டிய பாஸ்போர்ட். ஃப்ரீவே எல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. ஆபீஸ்கள் மூடியிருந்தன, விமானங்கள் கிளம்பவில்லை. போனை எடுத்தவர்கள் எல்லாரும் ஹோல்டில் போட்டார்கள். ஐந்தாம் நாள் என் கணவர் தோற்றுப்போய், இங்கேயே அடக்கம் பண்ணிவிடலாம் என்று கையெழுத்துப் போட்டார். மதினி போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அப்பா பக்கத்துல எடம் சும்மா கெடக்குல்லா ராஜு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அது என் கணவருக்குள் போய் முள்ளாகத் தங்கிவிட்டது.

அடுத்து அத்தையின் போனை நிறுத்த வேண்டும். சீனியர்களுக்கான ஏதோ ஒரு திட்டத்தில் அவர் பெயரிலேயே எடுத்திருந்த லைன் அது. கஸ்டமர் சர்வீஸ் பெண் மிகவும் மரியாதையாக, கணக்கு வைத்திருப்பவரே பேசி உறுதிப்படுத்த வேண்டும் என்றாள். அவர் இறந்துவிட்டார் என்றேன். "ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ், மேம்" என்றாள். அடுத்த மூச்சில், "இஸ் ஷி அவைலபிள் ரைட் நவ்?" என்றாள். நான் போனை மூடிவிட்டேன். மேலே ஓடிப்போய் அத்தையின் அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏன் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு அந்த வேலையை ஜெனியிடம் கொடுத்தேன். அவள் ஆக்சென்டில் பேசினால் ஆகிவிடும். ஒரு வாரத்தில் "டன், மாம்" என்றாள். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

4

அத்தை போன பிறகு லைனை ஆறேழு மாதம் யாரும் தொடவில்லை. செப்டம்பரில் மதினிதான் திரும்ப ஆரம்பித்தார். முதல் நாள் எல்லாரும் சேர்ந்தோம். நான் ஆமென் சொல்லும் ஆள் இல்லை, கணவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார். மதினி பாட்டை ஆரம்பிக்க வாயெடுத்தார்.

பீப்.

"ரூத் அம்மாள், வந்தாச்சு, ஸ்தோத்திரம்."

நியூ ஜெர்சியில் யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். "அம்மா?" என்றார் மதினி. பதில் இல்லை. ஆனால் லைன் காலியாகவும் இல்லை. ஒரு அறை திறந்திருப்பது மாதிரி ஒரு லேசான இரைச்சல். உற்றுக் கேட்டால் மூச்சு.

மிஷினில் ஏதோ கோளாறு என்றுதான் நியூ ஜெர்சியிலிருந்து மதினியின் மகன் சொன்னார். அவர் சாஃப்ட்வேரில் இருப்பவர். ஆனால் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மதினிதான் பாட்டு முடிந்ததும், "இது அம்மா முறை" என்று மெல்லச் சொல்லிவிட்டு நிறுத்தினார். எல்லாரும் காத்திருந்தோம். மூன்று நிமிடம் ஒரு சத்தமும் இல்லை, அந்த மூச்சைத் தவிர. ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கோ தொலைவில் மணி அடித்தது. டிங் டிங் என்று நான்கைந்து தடவை. மதினி உடைந்து அழுதார். "கோயில் மணி கேக்குது பாத்தியா ராஜு. அம்மா அங்கதான் இருக்கா."

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் அவர் பெயர், பாட்டு, அவர் முறைக்கு மூன்று நிமிட மௌனம், மணி. யாரும் அந்த முறையைத் தாண்டி முன்னால் வரவில்லை. மதினியின் பேரப்பிள்ளைகள்கூட அந்த மூன்று நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்களாம். கேன்சலான நம்பர் என்று எனக்கும் என் கணவருக்கும் தெரியும். அதனால்தான் மற்றவர்களைவிட நாங்கள் அதிகமாகப் பயந்தோம்.

நான் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். என் கணவர் பயப்படவில்லை. அவர் சந்தோஷப்பட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

5

நாலரைக்கெல்லாம் எழுந்து குளித்து, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு போன் முன்னால் உட்கார ஆரம்பித்தார். ஆபீஸில் மீட்டிங் ஆறு மணிக்கு வைத்தால் போகவில்லை. டிசம்பரில் ஒரு நாள் மேஜையில் ஒரு படிவம் கிடந்தது. புதைத்த உடலைத் தோண்டி எடுக்க அனுமதி கேட்கும் அரசாங்கப் படிவம். இறந்தவரின் பெயர், கல்லறையின் பெயர், விண்ணப்பதாரருக்கு என்ன உறவு, எல்லாம் அழகாக நிரப்பியிருந்தார். காரணம் என்ற கட்டத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்.

"என்னங்க இது?"

"அம்மா எதுக்கு தினமும் வாரான்னு நெனைக்க? சும்மா வருவாளா? அவளுக்கு இங்க படுக்கப் பிடிக்கல. நான்தான கையெழுத்துப் போட்டேன். நான்தான் எடுத்துக் கொண்டுபோய் அப்பா பக்கத்துல வைக்கணும்."

"மண்ணுக்குள்ள வச்ச மனுசியத் தோண்டி எடுப்பீங்களா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சாச்சு. வருஷ நினைவு அன்னிக்கு அவ முறை வரும்போது நேரா கேக்கப் போறேன். வேண்டாம்னு ஒரு சத்தம் குடுத்தா விட்டுருதேன். குடுக்கலேன்னா அன்னிக்கே ஃபார்ம அனுப்பிருவேன். அக்காட்டயும் சொல்லிட்டேன்."

அவர் சத்தம் போட்டுப் பேசியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். சாதாரணமாக, பால் வாங்கி வர வேண்டும் என்பது போலச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் ஒரு மண்வெட்டி வரும். அவர் அந்தப் பெட்டியோடு விமானத்தில் போவதும், அங்கே இறக்கி வைத்த பிறகும் மறுநாள் காலையில் அந்தக் குரல் வருவதும் தெரியும். அப்போது இந்த மனிதர் என்ன ஆவார்?

6

ஜனவரி கடைசியில் ஜெனிக்குக் காய்ச்சல். ஆபீஸ் போகிற வழியில் ரசம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று விடிவதற்குள் ரிச்சர்ட்சனுக்குக் கிளம்பினேன். அவள் அபார்ட்மென்ட் வாசலில் வண்டியை நிறுத்தி, ரசத்தை எடுத்துக்கொண்டு இறங்கும்போது ரயில் வந்தது. இரண்டு கட்டிடம் தள்ளி, ஊருக்குள் ஓடும் சின்ன ரயிலின் ஸ்டேஷன். நிற்பதற்கு முன் மணி அடித்தது. டிங் டிங் டிங் டிங்.

வண்டிக்குள் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பன்னிரண்டு.

கதவைத் தட்டவில்லை, என்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தேன். ஜெனி கட்டிலில் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் அத்தையின் பழைய போன். பின்பக்கம் அத்தை ஒட்டிய சிலுவை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள். போனில் என் கணவரின் குரல் கேட்டது. ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அழுதாள். நம்பரைக் கேன்சல் பண்ண முடியவில்லையாம், மனசு வரவில்லையாம். தன் கார்டுக்கு மாற்றிக்கொண்டு வைத்திருந்தாளாம். இங்கே தனியாக வந்த பிறகு காலையில் அந்தச் சத்தம் இல்லாமல் இருக்க முடியவில்லை என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். வீட்டில் இருந்தவரை அந்த ஜெபத்துக்கு எழுப்பினால் தலையணையை எடுத்து எறிந்தவள்.

"அப்பாகிட்ட சொல்லிரு கண்ணு. அவரு நீ ஆச்சின்னு நெனச்சுட்டு இருக்காரு. அந்த ஃபார்ம் விஷயம் உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். லைனிலேயே அவர் மதினியிடம் சொன்னபோது கேட்டிருக்கிறாள். அதனால்தான் சொல்லப் பயம். அப்பா தன்னை மன்னிக்கவே மாட்டார், ஆச்சியை இன்னொரு தடவை சாகடித்தது போல ஆகிவிடும் என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். நோ, ப்ளீஸ், நோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வருஷ நினைவு அன்றைக்கு அப்பா கேட்கும்போது அவளே வாயைத் திறந்து, "அப்பா, இது நான்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்வேன் என்று சத்தியம் பண்ணினாள்.

7

அன்றைக்கு என் கணவர் அத்தை பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார். படிவத்தை ஒரு உறையில் போட்டு ஸ்டாம்ப் ஒட்டி, போனுக்குப் பக்கத்தில் வைத்தார். காரணம் என்ற கட்டத்தில் "தாயின் விருப்பம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆறு மணி. மதினி வந்தார். நியூ ஜெர்சி வந்தது. பீப். "ரூத் அம்மாள், வந்தாச்சு, ஸ்தோத்திரம்."

யார் என்று தெரிந்த பிறகும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பாட்டு முடிந்தது. "அம்மா முறை" என்றார் மதினி. என் கணவர் கையைக் கூப்பினார்.

"அம்மா, நான் ராஜு பேசுதேன். உங்கள அப்பா பக்கத்துல வைக்க முடியலம்மா. ஐஸா கெடந்துச்சு. நாலு நாளு ஒவ்வொரு ஆபீஸா ஃபோன் பண்ணேன். ஒருத்தனும் எடுக்கல. எனக்கு வேற வழி தெரியல. இப்ப வந்து எடுத்துட்டுப் போகட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்கம்மா."

அவ்வளவு வயசான மனிதர், பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நிற்பது போல உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் மதினி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் மனதுக்குள், சொல்லு ஜெனி, சொல்லு கண்ணு, என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அவர் கை உறையை நோக்கிப் போனது. அன்றைக்கு ரயில் மணிகூடக் கேட்கவில்லை. ரயில் லேட் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வேண்டாம் ராஜு. விட்டுரு."

மெல்லிய குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அதட்டல். அத்தை ழகரத்துக்காகத் தொண்டையைச் செருமுவாரே, அந்த மாதிரி ஒரு செருமல் முடிவில். அவ்வளவுதான்.

என் கணவர் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். ஒரு வருடமாக அழாத அழுகை. அந்தப் பக்கம் மதினியும், "போதும்லே, அம்மா சொல்லிட்டால்லா, போதும்" என்று அழுதுகொண்டே சொன்னார். எழுந்தபோது என் கணவர் முகம் அலம்பினது மாதிரி இருந்தது. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். தோசை இருக்கா என்று கேட்டார். காலையில் சாப்பிடுவதை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.

8

எனக்கு ஜெனி மேல் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லச் சொன்னால், ஆச்சி மாதிரியே பேசி ஏமாற்றியிருக்கிறாள். ஆனால் அவர் தோசை சாப்பிடுவதைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. கராஜுக்குப் போய், வண்டிக்குள் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன்.

"பரவால்ல கண்ணு. நீ செஞ்சது சரிதான். அப்பா இப்பத்தான் நல்லா சாப்புட்டாரு. ஆனா இவ்வளவு அச்சு அசலா எப்படிப் பேசக் கத்துக்கிட்ட?"

நான் ஹலோ ஹலோ என்றேன்.

"மாம்," என்றாள். பிறகு, எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக, அவளாக ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேசினாள். தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "நான் பேசலம்மா. எனக்கு அழுகையா வந்துச்சு. அப்பாக்குக் கேக்கக் கூடாதுன்னு ஃபுல்லா மியூட்ல இருந்தேன். நீங்கதான ஆச்சி மாதிரி பேசுனீங்க?"

கராஜ் கதவு மூடியிருந்தது. வண்டிக்குள் விளக்கு அணைந்து இருட்டாகிவிட்டது. மதினியாக இருக்கும் என்று நினைத்தேன். அத்தையின் மகள், குரல் ஒத்துப்போகலாம். ஆனால் அந்த மூன்று வார்த்தைகள் வரும்போது மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததும் என் காதில் இருந்தது. மதினியிடம் நான் இன்று வரை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

"அம்மா? நீங்கதான?" என்று மறுபடி கேட்டாள். அந்த அபார்ட்மென்டில் அவள் தனியாக இருக்கிறாள். கையில் அந்தப் போன் இருக்கிறது.

"ஆமா கண்ணு," என்றேன். "நான்தான் பேசினேன்."